இது எந்த 150? பைப் ஃபிட்டிங்கில் அழுத்த வகுப்பைப் படிக்கும் முறை

ஸ்டோர்ஸ் அலமாரியிலிருந்து ஓர் அங்குல எல்போ ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். எண்ணெய்ப் பிசுக்கைத் துணியால் துடைத்தால், உடலில் குத்தியிருக்கும் எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தெரியும்: தயாரிப்பாளரின் குறி, அடுத்து எஃகின் வகையைச் சொல்லும் ஏ105, தரநிலையைச் சொல்லும் பி16, பிறகு 3000 அல்லது சுருக்கமாக 3எம், அளவைச் சொல்லும் 1, கடைசியில் ஹீட் நம்பர், அதாவது உலோகத்தை உருக்கிய தொகுதியின் எண். அதே அலமாரியின் கீழ்த்தட்டில் கிடக்கும் பிளாஞ்சின் (குழாய்களைப் போல்ட் போட்டு இணைக்கும் வட்டத் தகடு) விளிம்பில் 150 என்று இருக்கும். வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவர் இரண்டையும் பார்த்துவிட்டு, எல்போ பிளாஞ்சைவிட இருபது மடங்கு வலிமையானது என்று எண்ணிக்கொள்வது இயல்பு. முதல் மாதத்தில் நானும் அப்படித்தான் எண்ணினேன். உண்மையில் அந்த இரண்டு எண்களில் எதுவும் அழுத்தத்தைச் சொல்லவில்லை. இரண்டும் வெவ்வேறு தரநிலைகளில் உள்ள வெவ்வேறு அட்டவணைகளின் பெயர்கள். எந்த அட்டவணை, அதில் எந்த வரி என்று கண்டுபிடிக்கத் தெரிந்தால், அழுத்த வகுப்பு என்ற பாடத்தில் பெரும்பகுதி முடிந்துவிடும்.

முதல் படி: எண்ணுக்கு முன்னால் தரநிலையைப் பாருங்கள்

தொழிற்சாலையில் "கிளாஸ் 150" என்பதை "150 பவுண்டு" என்றும் சொல்வார்கள். இந்த எண்கள் தொடக்க காலத்தில் சூடான நீராவியைத் தாங்கும் அளவைப் பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) கணக்கில் குறித்ததால் அந்தப் பேச்சு நிலைத்துவிட்டது. இன்றைய அமெரிக்கத் தரநிலையான ஏஎஸ்எம்இ பி16.5-இல் கிளாஸ் என்பது அலகு இல்லாத வெறும் எண். கார்பன் ஸ்டீலில் செய்த கிளாஸ் 150 பிளாஞ்ச், சாதாரண வெப்பநிலையில் 19.6 பார், அதாவது சுமார் 285 பி.எஸ்.ஐ. வரை தாங்கும், அதே பிளாஞ்ச் 400 டிகிரி செல்சியஸில் 6.5 பார்தான் தாங்கும். 150 பி.எஸ்.ஐ. என்பது சுமார் 10.3 பார் என்பதால், பெயரில் உள்ள எண் இந்த இரண்டு மதிப்புகளில் எதனோடும் பொருந்தவில்லை என்பதைக் கவனியுங்கள்.

பி16.5 அரை அங்குலம் முதல் 24 அங்குலம் வரையிலான பிளாஞ்சுகளுக்கு உரியது. அதில் 150, 300, 400, 600, 900, 1500, 2500 என்று ஏழு வகுப்புகள் உள்ளன. இவற்றுள் 400-ஐ நடைமுறையில் காண்பது அரிது. 26 முதல் 60 அங்குலம் வரையிலான பெரிய பிளாஞ்சுகளுக்கு பி16.47 தனியாக இருக்கிறது. வால்வுகளுக்கு பி16.34, அதன் வகுப்புகளும் இதே வரிசையில் அமைந்தவை என்பதால் பிளாஞ்சோடு சேர்த்துப் படிப்பது எளிது. மரை உள்ளதும் சாக்கெட் வெல்ட் செய்வதுமான (குழாயை உள்ளே செருகிப் பற்றவைக்கும்) சிறிய ஃபோர்ஜ்டு, அதாவது அடித்து உருவாக்கிய ஃபிட்டிங்குகளுக்கு பி16.11; 2000, 3000, 6000, 9000 என்ற எண்கள் அதைச் சேர்ந்தவை. மேலியபிள் அயர்ன் (எளிதில் உடையாதபடி பதப்படுத்திய வார்ப்பிரும்பு) மரை ஃபிட்டிங்குகளுக்கு பி16.3, அங்கேயும் 150, 300 என்ற எண்கள் உண்டு, ஆனால் பிளாஞ்சில் உள்ள 150-க்கும் அதற்கும் பெயர் மட்டுமே ஒன்று. வார்ப்பிரும்புப் பிளாஞ்சுகளுக்கான பி16.1-இல் 125, 250 என்று இருக்கும். முனையோடு முனை வைத்துப் பற்றவைக்கும் பட் வெல்ட் எல்போ, டீ, ரெட்யூசர் போன்றவற்றுக்கான பி16.9-இல் கிளாஸ் என்ற பேச்சே கிடையாது. அவற்றின் மேல் குழாய்ச் சுவரின் தடிப்பைக் குறிக்கும் ஷெட்யூல் எண்தான் இருக்கும்.

இரண்டாம் படி: உலோகம், பிறகு வெப்பநிலை

பிளாஞ்ச் அட்டவணையைத் திறந்தால், உலோகங்கள் குழுக்களாகப் பிரிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். ஏ105 ஃபோர்ஜிங்கும் டபிள்யூசிபி வார்ப்பும் குழு 1.1. ஸ்டெயின்லெஸ் 316 குழு 2.2. கார்பன் குறைந்த 304எல், 316எல் இரண்டும் குழு 2.3. ஒவ்வொரு குழுவுக்கும் தனி அட்டவணை உண்டு. இடது ஓரத்தில் வெப்பநிலை, மேலே வகுப்பு, நடுவில் அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தம். குழு 1.1-இல் அடிக்கடி தேவைப்படும் சில மதிப்புகளைத் தருகிறேன். அலகு பார், அதுவும் கேஜ் காட்டும் அழுத்தம்.

38 டிகிரி வரை: கிளாஸ் 150-க்கு 19.6, கிளாஸ் 300-க்கு 51.1
100 டிகிரி: 17.7, 46.6
150 டிகிரி: 15.8, 45.1
200 டிகிரி: 13.8, 43.8
300 டிகிரி: 10.2, 39.8
400 டிகிரி: 6.5, 34.7

இந்த வரிசையைச் சற்று நேரம் பாருங்கள். கிளாஸ் 300, கிளாஸ் 150-ஐப் போல இரு மடங்கு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சாதாரண வெப்பநிலையில் அது இரண்டரை மடங்குக்கும் மேல், 400 டிகிரியில் ஐந்து மடங்குக்கும் மேல். சூடு ஏற ஏற 150 வேகமாகச் சரிகிறது, 300 மெதுவாகச் சரிகிறது. அதனால் சூடான எண்ணெய்க் குழாய்களில் அழுத்தம் மிகக் குறைவாக இருந்தாலும் அனுபவமுள்ள வடிவமைப்பாளர் 300-ஐக் கேட்பார். கிளாஸ் 150 பிளாஞ்ச் இணைப்பு 200 டிகிரிக்கு மேல், குழாயின் இழுப்பும் வளைப்பும் சேர்ந்தால் கசியக்கூடும் என்பதைத் தரநிலையே எச்சரிக்கிறது. ஏ105 உலோகத்தை 425 டிகிரிக்கு மேல் நெடுங்காலம் பயன்படுத்தப் பரிந்துரைக்கவில்லை என்ற குறிப்பும் அந்த அட்டவணையின் அடியில் இருக்கும். அட்டவணையின் அடிக்குறிப்பைப் படிக்காமல் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

மூன்றாம் படி: ஒரு நீராவிக் குழாயை வைத்துக் கணக்கிடுவோம்

பாய்லரிலிருந்து வரும் 4 அங்குல நீராவிக் குழாய் ஒன்று, வழக்கமாக 10 பாரில் ஓடுகிறது, சேஃப்டி வால்வு 12 பாரில் திறக்கும்படி அமைக்கப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கணக்குக்கு எடுக்க வேண்டியது 12. ஏனென்றால் ஏதாவது தவறு நடக்கும் நாளில் குழாய் பார்க்கப்போவது அந்த அழுத்தத்தைத்தான். சாச்சுரேட்டட் நீராவி (கொதிநிலைக்கு மேல் கூடுதலாகச் சூடேற்றாத நீராவி) 12 பார் கேஜில் ஏறக்குறைய 192 டிகிரியில் இருக்கும்.

அட்டவணையில் 192 என்ற வரி இல்லை. 150-க்கும் 200-க்கும் நடுவே நேர்கோட்டு விகிதத்தில் கணக்கிட்டுக்கொள்ளத் தரநிலை அனுமதிக்கிறது. கார்பன் ஸ்டீல் கிளாஸ் 150-க்கு 15.8 இலிருந்து 13.8 வரை 50 டிகிரிக்கு 2 பார் இறங்குகிறது. 42 டிகிரிக்கு 1.68 பார் இறங்கும். ஆகவே 192 டிகிரியில் கிடைப்பது 14.1 பார். நமக்குத் தேவை 12 என்பதால் கிளாஸ் 150 போதும்.

இப்போது அதே குழாயை 316எல் ஸ்டெயின்லெஸில் போடலாம் என்று ஒருவர் சொல்கிறார். விலை அதிகம், எனவே வலிமையும் அதிகம் என்பது அவர் எண்ணம். குழு 2.3-இல் கிளாஸ் 150-க்கு 150 டிகிரியில் 12.0, 200 டிகிரியில் 11.2 என்று இருக்கிறது. 192 டிகிரியில் 11.3 பார்தான் வரும். 12 பார் தேவைப்படும் இடத்தில் அது தேறாது! சாதாரண 316-ஆக இருந்தால் 14.8, 13.7 என்ற மதிப்புகளின் நடுவே 13.9 பார் கிடைத்துத் தேறிவிடும். சந்தையில் கிடைக்கும் பல பிளாஞ்சுகள் 316, 316எல் இரண்டு தகுதிகளையும் ஒருங்கே பெற்றவை. டெஸ்ட் சர்டிபிகேட்டில் இரண்டும் எழுதியிருந்தால் 316-இன் மதிப்பைப் பயன்படுத்தலாம். எழுதியிராவிட்டால் கிளாஸ் 300-க்குப் போக வேண்டும். ஓர் எழுத்து கூடுவதால் ஒரு வகுப்பு மாறுவதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

இதே கணக்கைத் தொடர்ந்து செய்துகொண்டே போனால், கார்பன் ஸ்டீல் கிளாஸ் 150 சாச்சுரேட்டட் நீராவிக்கு எங்கே முடிகிறது என்பதும் தெரிந்துவிடும். 14 பார் நீராவி 198 டிகிரியில் இருக்கும். அங்கே பிளாஞ்சின் அளவு 13.9 பார். 14 பாரை எட்டுவதற்குச் சற்று முன்பே அது முடிந்துவிடுகிறது. "19.6 வரை தாங்கும் என்று போட்டிருக்கிறதே" என்று கேட்பவர் முதல் வரியோடு படிப்பதை நிறுத்தியவர்.

நான்காம் படி: 3000, 6000 என்பவை ஷெட்யூலின் மறுபெயர்

பி16.11 ஃபிட்டிங்குகளுக்கு பிளாஞ்சைப் போல அழுத்தம், வெப்பநிலை அட்டவணை கிடையாது. அந்த ஃபிட்டிங், தனக்குப் பொருத்தமான ஷெட்யூலில் உள்ள, அதே வகை உலோகத்தாலான தையலற்ற நேர்க்குழாய் எவ்வளவு தாங்குமோ அவ்வளவு தாங்கும் என்பதே தரநிலையின் ஏற்பாடு. சாக்கெட் வெல்ட் 3000-க்கு இணை ஷெட்யூல் 80. 6000-க்கு ஷெட்யூல் 160. 9000-க்கு அதைவிடத் தடித்த டபுள் எக்ஸ்ட்ரா ஸ்ட்ராங். மரை ஃபிட்டிங்கில் இது ஒரு படி நகர்ந்துவிடும்: 2000-க்கு ஷெட்யூல் 80, 3000-க்கு 160, 6000-க்கு டபுள் எக்ஸ்ட்ரா ஸ்ட்ராங். மரை வெட்டும்போது குழாயின் சுவர் மெலிந்துவிடுவதால் தடித்த குழாய் தேவைப்படுகிறது என்று நினைவில் வைத்துக்கொண்டால் குழம்பாது.

ஏ106 கிரேடு பி என்ற கார்பன் ஸ்டீல் குழாயை எடுத்துக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஓர் அங்குல ஷெட்யூல் 80 குழாயின் வெளிவிட்டம் 33.4 மி.மீ., சுவர் 4.55 மி.மீ. தயாரிப்பில் சுவர் 12.5 சதவீதம் வரை குறையலாம் என்பதால் 3.98 என்று வைத்து, குழாய் அமைப்புக்கான தரநிலையான பி31.3-இன் சூத்திரத்தில், அனுமதித்த தகைவான 138 மெகாபாஸ்கலோடு போட்டால் சுமார் 360 பார் வருகிறது. அதே ஷெட்யூலில் 2 அங்குலத்துக்கு வெளிவிட்டம் 60.3, சுவர் 5.54, கிடைப்பது சுமார் 237 பார்தான். பி.எஸ்.ஐ.யில் சொன்னால் முதலாவது 5,000-ஐத் தாண்டுகிறது, இரண்டாவது 3,400 பக்கம் நிற்கிறது. இந்த இரண்டு குழாய்களுக்கும் உரிய சாக்கெட் வெல்ட் ஃபிட்டிங்குகளின் மேல் குத்தியிருப்பது ஒரே 3000. துருவுக்கு விடும் தடிப்பை நான் இங்கே கழிக்கவில்லை. கழித்தால் இன்னும் இறங்கும். 3000 ஃபிட்டிங்கில் ஷெட்யூல் 40 குழாயைப் பற்றவைப்பதற்குத் தடை இல்லை, ஆனால் அப்போது அளவைத் தீர்மானிப்பது மெலிந்த குழாயாக இருக்கும்.

பட் வெல்ட் ஃபிட்டிங்குகளுக்கும் இதே தத்துவம். எல்போவின் ஷெட்யூலும் குழாயின் ஷெட்யூலும் ஒன்றாக இருந்தால் வேறு எதையும் தேட வேண்டியதில்லை.

ஐந்தாம் படி: வரிசையில் மிக மெலிந்த பொருளைத் தேடுங்கள்

குழாய் வரிசையின் அளவு, அதில் உள்ள மிகக் குறைந்த பொருளின் அளவே. நம் 12 பார் நீராவிக் குழாய்க்குத் திரும்புவோம். 4 அங்குலப் பிளாஞ்சுகள் 14.1 பார் தாங்குகின்றன, ஃபோர்ஜ்டு ஃபிட்டிங்குகள் அதைவிடப் பல மடங்கு தாங்குகின்றன. ஒரு மூலையில் கண்டன்சேட்டை (குளிர்ந்து நீராகிவிட்ட நீராவி) வடிக்கும் முக்கால் அங்குல டிரெய்னில் யாரோ ஒருவர், அவசரத்துக்கு, பி16.3 மேலியபிள் கிளாஸ் 150 எல்போ ஒன்றைப் போட்டிருக்கிறார். மேலே 150 என்றுதான் இருக்கிறது, வரிசையும் கிளாஸ் 150 தான். ஆனால் இந்த 150 உண்மையாகவே நீராவிக்கான 150 பி.எஸ்.ஐ.; 186 டிகிரியில் 10.3 பாரோடு அது முடிந்துவிடும். குளிர்ந்த தண்ணீரில் 300 பி.எஸ்.ஐ. வரை அது தாங்குவதால் சோதனையில் நன்றாகவே நிற்கும். நீராவி வந்த பிறகுதான் நாம் வரம்புக்கு வெளியே இருப்போம், அதுவும் நமக்குத் தெரியாமல்.

ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் ஜிஐ ஃபிட்டிங் இன்னும் வேறு. அதன் மரை பெரும்பாலும் பிஎஸ்பி, கோணம் 55 டிகிரி. அமெரிக்க என்பிடி மரையின் கோணம் 60. அரை அங்குலத்திலும் முக்கால் அங்குலத்திலும் இரண்டுக்கும் அங்குலத்துக்கு 14 மரை என்பதால் ஒன்றோடு ஒன்று ஏறிவிடும், டெஃப்லான் டேப் சுற்றினால் இறுகியது போலவும் இருக்கும், ஆனால் அந்த இணைப்பை நம்ப முடியாது.

அதேபோல் சிறிய பால் வால்வுகளின் உடலில் 1000 டபிள்யூஓஜி என்று வார்த்திருப்பார்கள். தண்ணீர், எண்ணெய், வாயு ஆகியவற்றுக்குக் குளிர்ந்த நிலையில் 1,000 பி.எஸ்.ஐ. என்பது அதன் பொருள். அதைக் கிளாஸ் 1000 என்று படித்தவர்களும் உண்டு. உள்ளே இருக்கும் இருக்கை டெஃப்லான் என்றால், 190 டிகிரியில் அது எவ்வளவு தாங்கும் என்பதைத் தயாரிப்பாளரின் வரைபடத்தில் பார்த்த பிறகே நீராவியில் போட வேண்டும்.

ஆறாம் படி: எதிர்ப்பக்கத்துப் பிளாஞ்ச் எந்த நாட்டுத் தரநிலை?

ஐரோப்பாவில் பிஎன் முறை. இஎன் 1092-1 என்ற தரநிலையில் பிஎன் 6, 10, 16, 25, 40 என்று போகும். பிஎன் 16 என்றால் சாதாரண வெப்பநிலையில் 16 பார் என்று கொள்ளலாம், சூட்டில் அதுவும் இறங்கும். எண் அழுத்தத்தோடு ஒத்துப்போவதால் படிக்க எளிது. ஆனால் அமெரிக்கப் பிளாஞ்சோடு சேர்க்கும்போதுதான் தொல்லை.

ஒருமுறை பம்பு ஒன்றுக்கான கொள்முதல் குறிப்பில் "4 அங்குலம், 150" என்று மட்டும் எழுதி அனுப்பினேன். தரநிலையின் பெயரை எழுதவில்லை. வந்த பம்பின் வாயில் பிஎன் 16 பிளாஞ்ச் இருந்தது. எட்டு துளைகள், நம் குழாயிலும் எட்டு துளைகள். தூரத்திலிருந்து பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். அருகே கொண்டுபோய்ச் சேர்த்தபோது ஒரு போல்ட்கூட நுழையவில்லை. பிஎன் 16-இல் துளை வட்டத்தின் விட்டம் 180 மி.மீ., கிளாஸ் 150-இல் 190.5. ஃபிட்டர் அண்ணன் கேஸ் கட்டரை எடுத்துக்கொண்டு வந்து, துளையை ஓவலாக்கிவிடலாமா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஒரு பக்கம் பிஎன் 16, மறுபக்கம் கிளாஸ் 150 உள்ள சிறு ஸ்பூல் (இரு முனையிலும் பிளாஞ்ச் உள்ள குழாய்த் துண்டு) ஒன்றைச் செய்து வாங்கும் வரை பத்து நாள் வேலை நின்றது. தவறு முழுக்க என்னுடையது.

ஆனால் 4 அங்குலமாவது நேர்மையாக மறுத்துவிடுகிறது. 2 அங்குலத்தில் பிஎன் 16 துளை வட்டம் 125, கிளாஸ் 150 துளை வட்டம் 120.7, இரண்டிலும் நான்கு துளைகள். துளைகளில் உள்ள சிறு இடைவெளியைப் பயன்படுத்தி நெருக்கிப் போட்டால் போல்ட்டுகள் உள்ளே போய்விடும், பொருந்திவிட்டது என்று நினைத்துவிடுவோம். போல்ட் சாய்ந்து நிற்கும் அத்தகைய இணைப்பு தொல்லையில்தான் முடியும். சந்தேகம் வந்தால் எதிரெதிர்த் துளைகளின் மையத்துக்கு மையம் அளந்துவிடுங்கள்.

கிளாஸ் 150-ஐயும் 300-ஐயும் பிரித்தறிவதற்கு 2 அங்குலத்தில் துளைகளை எண்ணினாலே போதும்: நான்கு, எட்டு. 4 அங்குலத்தில் இரண்டிலும் எட்டு என்பதால் தடிப்பையும் வெளிவிட்டத்தையும் பார்க்க வேண்டும். 150-இல் 229 மி.மீ., 300-இல் 254 மி.மீ. முகத்தில் உயர்ந்து நிற்கும் ரெய்ஸ்டு ஃபேஸ், 150-இலும் 300-இலும் 2 மி.மீ. அளவுதான்; 400 முதல் 7 மி.மீ. ஆகிவிடும், அதை விரலால் தடவியே உணரலாம். வார்ப்பிரும்பு கிளாஸ் 125 பிளாஞ்சின் துளைகள் கிளாஸ் 150-ஓடு அப்படியே பொருந்தும். அங்கே எஃகுப் பிளாஞ்சின் முகத்தைச் சமதளமாக்கி, முழு முகத்துக்கும் கேஸ்கெட் வைக்க வேண்டும். ரெய்ஸ்டு ஃபேஸோடு இறுக்கினால் வார்ப்பிரும்பு வளைய மறுத்து விரிசல் விடும்.

ஏழாம் படி: கேட்பதை முழுதாக எழுதுங்கள், வந்ததைத் துடைத்துப் படியுங்கள்

அந்தப் பம்புக்குப் பிறகு நான் கொள்முதல் குறிப்பை எழுதும் முறை இது: "பிளாஞ்ச், வெல்ட் நெக், 4 அங்குலம், கிளாஸ் 150, ரெய்ஸ்டு ஃபேஸ், ஷெட்யூல் 40 துளை, ஏ105, ஏஎஸ்எம்இ பி16.5." வெல்ட் நெக் (கழுத்தைக் குழாயின் முனையோடு பற்றவைக்கும் வகை) என்றால் ஷெட்யூலை எழுதியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் பிளாஞ்சின் உள்விட்டமும் குழாயின் உள்விட்டமும் படிக்கட்டாக நிற்கும். பொருள் வந்ததும் உடலில் உள்ள ஹீட் நம்பரையும் சர்டிபிகேட்டில் உள்ள ஹீட் நம்பரையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பொருந்தாவிட்டால் அந்தச் சர்டிபிகேட் வேறொரு பிளாஞ்சுடையது, உங்களுடையது அல்ல. இந்தியாவில் சதுர சென்டிமீட்டருக்கு 3.5 கிலோவுக்கு மேற்பட்ட அழுத்தமுள்ள நீராவிக் குழாய் பாய்லர் விதிகளுக்குள் வருவதால், வால்வு, ஃபிட்டிங் போன்றவற்றுக்கு ஃபார்ம் 3-சி சான்றும் கேட்பார்கள். கிளாஸ் சரியாக இருந்தும் அந்தக் காகிதம் இல்லாமல் பொருள் திரும்பிப் போனதுண்டு.

கடைசிப் படி: சோதனை அழுத்தம்

பி31.3-இன்படி தண்ணீர்ச் சோதனை, வடிவமைப்பு அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு. சூட்டில் உலோகத்தின் அனுமதித்த தகைவு குறைந்தால் அதற்கேற்பச் சோதனை அழுத்தத்தை உயர்த்த வேண்டும். ஏ106 கிரேடு பி-க்கு 192 டிகிரி வரை அது குறைவதில்லை என்பதால் 12 பாருக்கு 18 பார். பாய்லர் விதிகளுக்கு உட்பட்ட குழாயில் ஆய்வாளர் சொல்லும் அழுத்தமே இறுதி. பிளாஞ்ச் இணைப்பைச் சோதனையில், சாதாரண வெப்பநிலை அளவைப் போல ஒன்றரை மடங்கு வரை ஏற்றலாம். கார்பன் ஸ்டீல் கிளாஸ் 150-க்கு அது 30 பார். ஆகவே 18 பாரில் பிளாஞ்ச் பற்றிக் கவலை இல்லை. வால்வுகள் எல்லாம் திறந்திருக்க வேண்டும். மூடிய வால்வின் இருக்கைக்கு உடலைவிடக் குறைந்த வரம்பே உண்டு. ஸ்டீம் டிராப்பையும் (கண்டன்சேட்டை மட்டும் வெளியேற்றும் கருவி) சேஃப்டி வால்வையும் கழற்றி, அந்த இடங்களில் பிளைண்ட் (அடைப்புத் தகடு) போட்டு, மேட்டில் உள்ள வென்ட்டைத் திறந்து காற்றை முழுதாக வெளியேற்றிய பிறகு பம்பின் கைப்பிடியை அழுத்தத் தொடங்குங்கள்.